காக்கா ஆழி வந்த வழி, போகும் வழி

கொசஸ்தலை ஆற்றில் இறங்கி இறால் தடவுகிறவர்களுக்குக் கைதான் கண். இடுப்பளவு தண்ணீர், சில இடங்களில் மார்பளவு. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றில் விட்டுத் துழாவியபடியே நகர்வார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் இப்படிப் பிழைப்பவர்களில் இருளர் பெண்களும் உண்டு. மெத்தென்ற சேற்றில் இறால் புதைந்து கிடக்கும். விரல் பட்டதும் துள்ளும். அது துள்ளி ஓடுவதற்குள் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். சில ஆண்டுகளாக அந்த மெத்தென்ற சேற்றைப் பல இடங்களில் காணோம். கை போகிற இடமெல்லாம் சொரசொரப்பு. விரல் நீளத்துக்குள் அடங்கும் கறுத்த சிப்பிகள் ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு, பாய் விரித்ததுபோல் ஆற்றின் அடித்தரையை மூடிக் கிடக்கின்றன. இறாலுக்குப் புதைய இடமில்லை. தடவுகிறவர்களின் விரல்களில் கீறல்.

மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயர் வைத்தார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சில் ஆழி என்றால் கடல் அல்ல. பாறையிலும் மரத்திலும் நார் விட்டு ஒட்டி வளரும் சிப்பி. பச்சை ஆழி காலங்காலமாக இருப்பது, குழம்புக்கு ஆவது. மணலில் புதைந்து வாழும் மஞ்சள் மட்டியும் அப்படியே. அவை இருந்த இடத்தில் இப்போது காக்கா ஆழி உட்கார்ந்திருக்கிறது. அறிவியல் அதை மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா என்கிறது. அதன் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான கரைகள்: பசிபிக் பக்கம் மெக்சிகோவிலிருந்து தெற்கே, அட்லாண்டிக் பக்கம் கொலம்பியா, வெனிசுவேலாவிலிருந்து அர்ஜென்டினா வரை.

அவ்வளவு தூரத்திலிருந்து அது இங்கே எப்படி வந்தது என்பது ஒரு கதை. இனி எங்கெல்லாம் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது இன்னொரு கதை. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வந்த வழியைச் சரியாகப் படிக்காதவர்கள் போட்ட வரைபடங்கள்தான் போகும் வழியில் தவறியிருக்கின்றன.

பிறந்த ஊரில் அதற்கு நல்ல பெயர். பிரேசிலில் சுருரு என்பார்கள். வடகிழக்கில் அலகோவாஸ் மாநிலத்தில் மசெயோ நகரத்தை ஒட்டி முந்தாவு காயல் இருக்கிறது. அதன் கரையிலிருக்கும் ஏழைக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் சேற்றில் மூழ்கிச் சுருரு எடுத்து, கழுவி, அவித்து, சதை பிரித்து விற்றுப் பிழைத்தவர்கள். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் சுருருக் குழம்பு அந்த ஊரின் பெருமை. எண்ணூரில் வயிற்றில் அடிக்கும் சிப்பி அங்கே வயிற்றை நிறைக்கும் சிப்பி. ஒரு உயிரைக் கெட்டது என்று சொல்லும்போது எந்தக் கரையில் நின்று சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

அதன் பெயருக்கும் ஒரு பயணம் உண்டு. பிரெஞ்சு இயற்கையாளர் அல்சீட் தோர்பிஞி 1826-இல் தென் அமெரிக்காவுக்குப் போய் ஏழாண்டுகளுக்கு மேல் சுற்றினார். அவர் இந்தச் சிப்பிக்கு வைத்த பெயரில் சாருவா என்ற சொல் இருந்தது. சாருவா என்பவர்கள் இன்றைய உருகுவே நாட்டின் பழங்குடிகள். 1831-இல் சல்சிபுவேதெஸ் என்னுமிடத்தில் அரசுப் படை அவர்களைக் கொன்று குவித்தது. அந்த மக்களின் பெயர் ஒரு சிப்பியின் மேல் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு நூல்கள் வெளியான தேதிகளைச் சரிபார்த்ததில், ஆங்கிலேயச் சிப்பியியலாளர் சில்வேனஸ் ஹேன்லி 1843-இல் கொடுத்த பெயரே முந்தியது என்று தெரிந்து, 2018 முதல் ஸ்ட்ரைகேட்டா என்ற பெயர் நிலைத்தது. பெயர் மாறியதால் சிப்பிக்கு ஒன்றுமில்லை. கணிப்புக்கு இருக்கிறது. பழைய பெயரில் ஒரு குவியல், புதுப் பெயரில் ஒரு குவியல் என்று பதிவுகள் சிதறிக் கிடந்தால், இரண்டும் ஒன்றே என்று அறியாமல் கணக்குப் போடுகிறவரின் வரைபடம் பாதி வெறுமையாகத்தான் வரும்.

வீட்டை விட்டு வெளியேறியதாகப் பதிவான முதல் சம்பவம் 1986-இல். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரத்தின் மின் நிலையம் ஒன்றில், குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் வாய்களில் சிப்பிகள் திரள் திரளாக அடைத்துக்கொண்டன. எடுத்துப் பார்த்தால் தென் அமெரிக்கச் சிப்பி. வெனிசுவேலாவிலிருந்து எண்ணெய் கொண்டுவந்த கப்பல்களோடு வந்திருக்கும் என்று ஊகித்தார்கள். அடுத்த குளிர்காலம் வந்தது, சிப்பிகள் செத்தன, தொல்லை தீர்ந்தது. இது சூடு வேண்டும் உயிர், வட ஃபுளோரிடாவின் குளிர் தாங்காது என்று கோப்பை மூடினார்கள்.

2004-இல் அதே ஃபுளோரிடாவின் மொஸ்கிட்டோ காயலில் அது மறுபடி தலைகாட்டியது. 2006-இல் ஜாக்சன்வில்லில் மீண்டும். அதற்கும் வடக்கே ஜார்ஜியா மாநிலக் கரையிலும் இருந்தது. 1987-இல் அந்தக் கரைக்கு யாராவது ஒரு கணிப்பு வரைபடம் போட்டிருந்தால், ஜாக்சன்வில் மேல் நிம்மதியாக 'வாழாது' என்று எழுதியிருப்பார். பத்தொன்பதே ஆண்டுகளில் அது பொய்த்திருக்கும்.

மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பிறகு இந்தச் சிப்பியைத் தொட்டியில் வைத்துத் துருவிப் பார்த்தார்கள். உப்பை மெல்ல மெல்ல மாற்றினால், ஏறக்குறைய நன்னீரிலிருந்து கடலைவிடக் கரித்த நீர் வரை தாங்குகிறது. திடீரென்று மாற்றினால் அவ்வளவு தாங்குவதில்லை. ஆணாக இருப்பது பெண்ணாகவும் பெண்ணாக இருப்பது ஆணாகவும் மாறக்கூடியது. தீனி குறையும்போது இந்த மாற்றம் நடப்பதாகக் கண்டார்கள். இன்னொன்று எல்லோரையும் யோசிக்க வைத்தது. பொதுவாக ஒரு கப்பலில் தொற்றிக்கொண்டு வரும் சில உயிர்களிலிருந்து ஒரு கூட்டம் பெருகினால், அதன் மரபணு வகைகள் தாய்நாட்டைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் அதற்கு நேர்மாறு: வந்த இடத்தில் வகைகள் அதிகம். அப்படியென்றால் அது ஒருமுறை வந்ததல்ல. வெவ்வேறு கரைகளிலிருந்து பலமுறை வந்திருக்கிறது. 'வந்துவிட்டது' என்று ஒரு தேதி போட்டுக் கோடு கிழிப்பது நம் வசதிக்கு. சிப்பியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வந்துகொண்டே இருப்பது.

எப்படி வருகிறது? சரக்கு இறக்கிய கப்பல் காலியாகக் கடலில் நின்றால் ஆடும், கவிழவும் கூடும். அதற்காக அடிபாரமாகத் தண்ணீரைத் தொட்டிகளில் ஏற்றிக்கொள்கிறது. போய்ச் சேரும் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்தத் தண்ணீரை வெளியே விடுகிறது. ஒரு கரையின் தண்ணீர் இன்னொரு கரையில் கொட்டப்படுகிறது, அதிலுள்ள உயிர்களோடு. சிப்பிக்குஞ்சு பிறந்த புதிதில் சிப்பியாக இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில், நுண்மயிர்களை அசைத்துக்கொண்டு தண்ணீரில் மிதக்கும். ஜேம்ஸ் கார்ல்டன், ஜொனாதன் கெல்லர் என்ற இருவர், ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கூஸ் விரிகுடாவுக்கு வந்த 159 சரக்குக் கப்பல்களின் அடிபாரத் தண்ணீரை வடித்துப் பார்த்து 1993-இல் எழுதினார்கள்: அதில் 367 வகை உயிர்கள். இது தவிரக் கப்பலின் அடிப்புறத்திலேயே நார் விட்டு ஒட்டிக்கொண்டும் வரலாம். இந்தச் சிப்பிக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது.

2014-இல் அது ஆசியாவில் தென்பட்டது. பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு, அதன் மணிலா விரிகுடாவும் லிங்காயென் வளைகுடாவும், அங்கே சிப்பி வளர்ப்போரின் மூங்கில் கழிகளும். 2016 மார்ச்சில் சிங்கப்பூரின் வடகரை, ஜோகூர் நீரிணையின் கிராஞ்சிச் சேற்றுப் பரப்பு. மிதவைப் பண்ணைகளில் வலைகளைப் பிடித்துக்கொண்டது. பச்சை ஆழி இருந்த இடங்களை எடுத்துக்கொண்டது. தாய்லாந்து வளைகுடா, தைவான், தென்சீனக் கரை என்று பட்டியல் சில ஆண்டுகளில் நீண்டது.

கேரளத்தில் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தது. அதன் பின்னர் காயல்களில் இதுவரை பார்க்காத ஒரு சிப்பி பெருகுவதை மீனவர்கள் கவனித்தார்கள். வரத்தன் கக்கா என்றார்கள், வெளியிலிருந்து வந்த சிப்பி என்ற பொருளில். 2019-இல் ஆய்வுக் கட்டுரைகள் வந்தபோது கொச்சி, காயங்குளம், அஷ்டமுடி, பரவூர், பொன்னானி என்று மாநிலத்தின் நீளம் முழுக்க அது இருந்தது. அஷ்டமுடிக் காயலில் ஒரு சதுர மீட்டருக்கு 11,000-க்கு மேல் எண்ணினார்கள். ஒரு பாய் விரிக்கும் இடத்தில் ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிட அதிகம். அந்தக் காயலின் மட்டி மீன்பிடிப்புக்கு 2014-இல்தான் இந்தியாவிலேயே முதல்முறையாக, வளம் கெடாமல் அறுவடை செய்வதற்கான பன்னாட்டுச் சான்றிதழ் கிடைத்திருந்தது. குஞ்சு பொறுக்குவதைத் தவிர்த்து, இனப்பெருக்கக் காலத்தில் கைகட்டி நின்று, அந்தக் குடும்பங்கள் ஒழுங்காகக் காப்பாற்றிய வளம் அது. யார் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்று பார்த்து வருவதில்லை இந்த விருந்தாளி.

பிறகு வங்கக் கடல் பக்கம், எண்ணூரும் பழவேற்காடும். கப்பல்களின் அடிபாரத் தண்ணீரோடு வந்தது என்பது மீனவர்களின் உறுதியான எண்ணம். அவர்கள் புகார் எழுதினார்கள், ஆற்றிலிருந்து அள்ளி வந்து காட்டினார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போய், அகற்றும் பேச்சு தொடங்கியது. அதற்குள் பாய் விரிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் முன்கணிப்பின் அருமை தெரிகிறது. 1999 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில், உல்லாசப் படகுகள் நிற்கும் ஒரு துறையில், கறுப்புவரிச் சிப்பி என்ற வேறொரு கரீபியன் இனத்தைக் கண்டார்கள். அந்தத் துறைக்குக் கடலோடு தொடர்பு மதகு வழியாக மட்டுமே. மதகை மூடி, உள்ளே குளோரினும் செப்பு உப்பும் கொட்டி, அந்தச் சிப்பியோடு மற்ற உயிர்களையும் சேர்த்துக் கொன்று தீர்த்தார்கள். கடல்வழி வந்த ஒரு சிப்பியை அடியோடு ஒழித்த அரிய உதாரணம் அது. கறுப்புவரிச் சிப்பி 1967-லேயே நம் விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. இங்கே மூட மதகு கிடையாது. அந்தச் சிப்பி இன்றும் இருக்கிறது. கொசஸ்தலையிலும் அஷ்டமுடியிலும் அதே நிலைதான். கழிமுகத்துக்குக் கதவு இல்லை. கண்டுபிடித்த பிறகு செய்ய முடிவது கொஞ்சம். ஆகவே வரும் முன் எங்கே வரும் என்று தெரிந்தால் அங்கே போய்க் காத்திருக்கலாம்.

கணிப்பு எப்படி நடக்கிறது என்பதை ஜாதகப் பொருத்தம் பார்ப்பதோடு ஒப்பிடலாம். கிரகத்துக்குப் பதில் அளவீடு. இந்தச் சிப்பி உலகத்தில் எங்கெங்கே கிடைத்ததோ அந்தப் புள்ளிகளையெல்லாம் முதலில் சேர்க்கிறார்கள். அருங்காட்சியகச் சீட்டுகள், ஆய்வுக் கட்டுரைகள், பொதுத் தரவுத்தளங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீரின் சூடு எவ்வளவு, குளிர்காலத்தில் எவ்வளவு இறங்குகிறது, உப்பு எவ்வளவு, பாசிப்பச்சையம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். உலகக் கடல் முழுவதற்கும் இந்த அளவீடுகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிக் கொடுக்கும் தொகுப்புகள் உண்டு. பயோ-ஓரக்கிள் அவற்றில் ஒன்று. பிறகு ஒரு கணினி நிரல், இந்த உயிர் வாழும் இடங்களின் குணம் இன்னது என்று கற்றுக்கொண்டு, அதே குணமுள்ள மற்றக் கரைகளுக்கு மதிப்பெண் போடுகிறது. மேக்ஸென்ட் என்ற நிரல் இந்தத் துறையில் மிகப் பிரபலம். 2006-இல் அதைப் பற்றிய முக்கியக் கட்டுரை வந்தது. அதன் அடிப்படைக் கொள்கை எனக்குப் பிடித்தது: தெரிந்ததை மதி, தெரியாததைப் பற்றி எதையும் கற்பித்துக்கொள்ளாதே. தெரிந்த புள்ளிகளோடு ஒத்துப்போகிற எல்லாப் பரவல்களிலும், ஆகப் பரந்ததை, ஆகக் குறைவாக ஊகிப்பதை அது தேர்ந்தெடுக்கும்.

நேர்மையான கொள்கைதான். ஆனால் தெரிந்தது எது என்பதில் சிக்கல் இருக்கிறது.

ஒரு சிப்பி இருப்பதாகப் பதிவான இடம், சிப்பியும் அதை அடையாளம் காணத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து இருந்த இடம். ஆள் போகாத கரையும் சிப்பி இல்லாத கரையும் வரைபடத்தில் ஒரே மாதிரி வெறுமையாக இருக்கும். கொசஸ்தலையில் மீனவர்கள் அதற்குப் பெயர் வைத்து, ஏசி, வலையிலிருந்து பிய்த்து எறிந்துகொண்டிருந்த காலத்தில் அந்தத் தரவுத்தளங்களைத் திறந்து பார்த்தவருக்கு அங்கே புள்ளி கிடைத்திருக்காது. காக்கா ஆழி என்ற பெயரைத் தேடினால் எந்தப் பெட்டியும் திறக்காது. நிரல் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், கொடுத்த புள்ளியைத்தானே படிக்கும்.

அடுத்தது கட்டத்தின் அளவு. உலகக் கடல் தொகுப்பில் ஒரு கட்டம் பல கிலோமீட்டர் அகலம். எண்ணூர்க் கழிமுகம் சில நூறு மீட்டர். ஒரே கட்டத்துக்குள் கழிமுகம், கடற்கரை, திறந்த கடல் எல்லாம் கலந்துவிடும். பல கழிகள் நிலம் என்று கணக்கிலிருந்தே விடுபட்டுப்போகும். இந்தச் சிப்பியோ திறந்த கடலை விரும்புவதில்லை. ஆறு கடலைத் தொடும் கரிப்பும் தித்திப்பும் கலந்த தண்ணீர்தான் அதன் வீடு. கடலின் சராசரி உப்பை வைத்து அதற்குப் பொருத்தம் பார்ப்பது, பெண்ணின் ஜாதகத்துக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் ஜாதகத்தைக் கொடுப்பது போன்றது. அதுவும் நம் கழிகளில் சராசரி என்று ஒன்று ஏது? ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்தால் நன்னீர். வைகாசியில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடலைவிடக் கரிப்பு. இந்த இரண்டு கோடிக்கும் நடுவே மாதக்கணக்கில் மெல்ல நகர்கிற மாற்றத்தை ஃபுளோரிடாத் தொட்டிச் சோதனையோடு சேர்த்துப் பாருங்கள். மெல்ல மாறினால் இந்தச் சிப்பி ஏறக்குறைய எல்லாவற்றையும் தாங்கும். நம் பருவகாலமே அதற்குப் பழக்கம் கொடுக்கிறது. திடீரென்று அணை திறந்தாலோ புயல் மழை கொட்டினாலோ மட்டும் அதற்கு ஆபத்து. இது வரைபடத்தின் நிறத்தில் தெரியாது, ஆற்றோடு பழகியவருக்குத் தெரியும்.

மூன்றாவதாக, மனிதர் செய்த இடங்கள். ஜாக்சன்வில்லில் அது அகப்பட்டது மின் நிலையத்தில். எண்ணூரிலும் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன, சூடான தண்ணீர் கழியில் விடப்பட்டிருக்கிறது, சாம்பல் படிந்திருக்கிறது, துறைமுகங்கள் இருக்கின்றன, பாலத்தூண்களும் கல்லணைகளும் இருக்கின்றன. பழைய உயிர்கள் நலிந்த இடத்தில் புதியது எளிதாகக் குடியேறும். அதோடு ஒட்டிப் பிடிக்கக் கான்கிரீட். ஒரு கரை இந்தச் சிப்பிக்குப் பொருத்தமாக இருப்பதில் இயற்கை பாதி, நாம் பாதி. நம் பாதிக்கு எந்தச் செயற்கைக்கோளும் அளவெடுத்து அடுக்கு செய்து தருவதில்லை.

வாழ முடியும் என்பதும் வந்து சேரும் என்பதும் வேறு வேறு. இந்த இரண்டாவது கேள்வியைக் கப்பல்களை வைத்துக் கேட்டவர்கள் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகக் குழுவினர். ஹன்னோ ஸீபென்ஸும் உடன் உழைத்தவர்களும் 2013-இல் வெளியிட்ட கட்டுரை, உலகக் கப்பல் போக்குவரத்தையும் துறைமுகங்களின் சூட்டையும் உப்பையும் சேர்த்து, எந்தத் துறைமுகத்துக்கு அந்நிய உயிர் வரும் ஆபத்து அதிகம் என்று கணக்கிட்டது. கிடைத்த விடை இது: கப்பல் பயணத்தின் தூரம் 8,000 முதல் 10,000 கிலோமீட்டர் வரை இருக்கும்போது ஆபத்து உச்சம். அருகிலிருந்து வருவது பெரும்பாலும் ஏற்கெனவே இங்கிருக்கும் உயிர்தான். வெகுதொலைவிலிருந்து வருவது வழியிலேயே சாகும். நடுத்தூரம்தான் பொல்லாதது. அந்தக் கணக்கில் ஆபத்து மிகுந்த இடங்களில் ஒன்றாகத் தென்கிழக்காசியா வந்தது, அதில் சிங்கப்பூரும் இருந்தது. மூன்றே ஆண்டுகளில் கிராஞ்சிச் சேற்றில் நம் சிப்பி.

கணிப்பு பலித்தது என்று உடனே கைதட்ட வேண்டாம். கரீபியனிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பல் வழி அந்த நடுத்தூரத்தைவிட மிக அதிகம். ஒரே தாவலில் வந்திருந்தால் விதியை மீறி வந்திருக்கிறது. படிப்படியாக வந்திருந்தால் நடுவில் யாரும் கவனிக்காத படிகள் இருந்திருக்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் நடக்கக்கூடியதாகத் தோன்றுகிறது. பதிவானதெல்லாம் அது வந்த நாளல்ல, யாரோ பார்த்த நாள். பிலிப்பைன்ஸ் 2014, சிங்கப்பூர் 2016, கேரளம் 2019 என்ற வரிசை சிப்பி நகர்ந்த வரிசைதானா, அறிஞர்கள் விழித்துக்கொண்ட வரிசையா? அஷ்டமுடியில் சதுர மீட்டருக்கு 11,000 என்ற எண்ணிக்கை ஒரே வருடத்து விளைச்சலாக இருக்க முடியுமா?

இது ஒருவழிப் பாதை என்று நினைத்துவிடக் கூடாது. நம் பச்சை ஆழி 1990-இல் டிரினிடாடில் தென்பட்டது. 1993-இல் வெனிசுவேலா. 1999-இல் ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடா, அங்கேயும் ஒரு மின் நிலையத்தின் குழாய்வாய் அடைத்தபோதுதான் முக்குளிப்போர் அதைப் பார்த்தார்கள். இந்துமாப் பெருங்கடலின் சிப்பி கரீபியனுக்கும், கரீபியனின் சிப்பி இந்துமாப் பெருங்கடலுக்கும் இடம் மாறியிருக்கின்றன. எண்ணூரில் பாதிக்கப்பட்ட பச்சை ஆழி, டாம்பாவில் வந்தேறி.

கப்பல்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அடிபாரத் தண்ணீர் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 2004-இல் எழுதப்பட்டு 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டுகள்! நம் சிப்பி ஆசியாவில் தென்பட்டது அந்த இடைவெளியில். முதலில் நடுக்கடலில் தண்ணீரை மாற்றச் சொன்னார்கள். இப்போது கப்பலிலேயே சுத்திகரித்து, ஒரு கன மீட்டரில் 50 மைக்ரானுக்கு மேற்பட்ட உயிருள்ளவை பத்துக்கும் குறைவாக இருக்கும்படி வெளியே விட வேண்டும். இது புதிதாக வருவதைக் குறைக்கும். ஏற்கெனவே வந்துவிட்டது கரையோரமாகவே நகர, பெரிய கப்பல் வேண்டாம். மீன்பிடிப் படகின் அடி போதும், இடம் மாற்றிய வலை போதும், நீரோட்டம் போதும்.

அதனால் இங்கிருந்து அது எங்கே போகும் என்ற கேள்விக்கு உலக வரைபடத்தைவிட உள்ளூர்க் கண்ணே அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். காசர்கோட்டுப் படன்ன ஊரின் கழியில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கயிற்றில் கல்லுமக்காய் என்னும் சிப்பியை வளர்க்கிறார்கள். கயிறும் மூங்கிலும் உவர்நீரும் சேர்ந்த அந்த இடம், லிங்காயென் வளைகுடாவின் சிப்பிப் பண்ணையை அப்படியே ஒத்தது. தமிழ்நாட்டுப் பக்கம் பக்கிங்காம் கால்வாய் பழவேற்காட்டையும் எண்ணூரையும் சேர்த்து ஒரே நீர்வழியாகத் தெற்கே நீள்கிறது. அந்த வழியில் முட்டுக்காடு. அதற்குத் தெற்கே வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடும் இடங்கள், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, முத்துப்பேட்டை. சூடு சரி, உப்பு ஏறி இறங்குவது சரி, வேர்கள் ஒட்டிப் பிடிக்கச் சரி. படகுகளும் வலைகளும் ஊர்விட்டு ஊர் போகின்றன. இந்த வரிசையைச் சொல்ல எனக்கு நிரல் தேவைப்படவில்லை. எந்தக் கழி முதலில், எந்த ஆண்டில் என்று சொல்ல மட்டும் அது வேண்டும். அதற்குத் தேவையான புள்ளிகள் கட்டுமரத்திலும் சேற்றிலும் நிற்பவர்களிடம் இருக்கின்றன.

இந்தப் புள்ளிகளைச் சேர்க்க ஒரு பழைய, மலிவான வழி உண்டு. துறைமுகத்துச் சுவரிலோ பாலத்தூணிலோ கயிறு கட்டி, ஒரு கூரையோட்டையோ பலகையையோ தண்ணீரில் தொங்கவிடுவது. மாதம் ஒருமுறை மேலே தூக்கி அதில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்து எழுதுவது. உலகமெங்கும் ஆய்வாளர்கள் செய்வது இதையே. இதைப் பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை ஒவ்வொரு முகத்துவாரத்திலும் செய்யலாம். செய்ய வேண்டியவர்கள் அந்தந்தக் குப்பத்துக்காரர்கள். கூலியோடு, அவர்கள் பெயரோடு. எழுதும் பெயர் காக்கா ஆழி என்றே இருக்கட்டும். தரவுத்தளத்தில் அதற்கொரு பெட்டி திறப்பது பெரிய வேலையல்ல.

கூரையோட்டைத் தூக்கிப் பார்க்கிறவர் தேட வேண்டியது இது: வழுவழுப்பான மெல்லிய ஓடு, கறுப்போ பழுப்போ, சிலவற்றில் பச்சையும் கலந்திருக்கும். ஆகவே பச்சை ஆழிக் குஞ்சென்று விட்டுவிடக் கூடாது. முதிர்ந்ததே ஐந்தாறு சென்டிமீட்டருக்குள். அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்போதே கூரையோட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தள்ளினால் போகாது, நார் பிடித்திருக்கும். வாரி எடுத்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வரும்.